நீர் ஏன் நீராக நிற்கிறது?

நீரின் மூலக்கூறு மொத்தத்தில் மின்னேற்றம் அற்றது. ஆயினும் ஒரு மூலக்கூறு மற்றொன்றைப் பற்றிக்கொள்கிறது. அதனாலன்றோ நீர் ஆவியாகிப் பறந்துவிடாமல் குளத்திலும் குடத்திலும் நிற்கிறது! மின்னேற்றம் இல்லாத ஒன்று தன்னைப் போன்ற மற்றொன்றை எதனால் ஈர்க்கிறது? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

வினாவைக் கூர்மையாக்கியவர் ஹாலந்து நாட்டு வான் டெர் வால்ஸ். தச்சர் ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர். இலத்தீனும் கிரேக்கமும் கல்லாதவர் என்பதால் பல்கலைக்கழகத் தேர்வுகளின் கதவு அவருக்கு நெடுங்காலம் மூடிக் கிடந்தது. விதி தளர்த்தப்பட்ட பின்னர், 1873-இல், தம் 35ஆம் வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். மூலக்கூறுகள் உண்மையிலேயே உள்ளனவா என்று அறிஞர் பலர் ஐயுற்ற காலம் அது. அவற்றுக்குப் பருமனும் உண்டு, ஒன்றையொன்று ஈர்க்கும் விசையும் உண்டு என அவர் கணக்கிட்டுக் காட்டினார். அவ்விசை எங்கிருந்து பிறக்கிறது என்பது மட்டும் புலப்படவில்லை.

1912-இல் பீட்டர் டிபை ஒரு வழி திறந்தார். சில மூலக்கூறுகளில் நேர்மின், எதிர்மின் மையங்கள் ஒன்றாமல் விலகி நிற்கின்றன. எனவே அவற்றுக்கு இரு முனைகள் உண்டு. ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையை நாடுகிறது.

மையங்கள் ஏன் விலகுகின்றன? பிணைப்பில் பகிர்ந்துகொள்ளும் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் திறன் அணுவுக்கு அணு வேறுபடுகிறது என்பதை 1932-இல் லைனஸ் பாலிங் எண்களால் அளந்தார். பின்னர் அவர் செப்பனிட்ட அளவுகோலில் ஆக்சிஜனுக்கு 3.5, ஹைட்ரஜனுக்கு 2.1. ஆகவே பகிர்வு சமமாக இல்லை. எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய்கின்றன. நீரின் மூலக்கூறு வளைந்திருப்பதால் இரு பிணைப்புகளின் சாய்வும் ஒன்று சேர்கிறது. நேர்கோடாய் அமைந்த கார்பன் டை ஆக்சைடிலோ, சமபலம் கொண்ட இருவர் எதிரெதிரே கயிறிழுத்தாற்போல அவை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கந்தகத்தின் இழுதிறன் 2.5 மட்டுமே, ஆதலால் ஹைட்ரஜன் சல்பைடு −60 பாகையிலேயே கொதிக்க, அதனினும் எடை குறைந்த நீர் 100 பாகை வரை பொறுத்திருக்கிறது.

ஒரு முடிச்சு எஞ்சியது. 1908-இல் லைடனில் காமர்லிங் ஆன்ஸ் ஹீலியத்தை நீர்மமாக்கியிருந்தார். முனைகளே இல்லாத ஹீலிய அணுக்களை எது சேர்த்தது? 1930-இல் பிரிட்ஸ் லண்டன் விடை தந்தார். எலக்ட்ரான்களின் ஓயாத அசைவால் கணநேரச் சமனின்மை தோன்றி, அண்டை அணுவிலும் அதற்கேற்ற சாய்வை உண்டாக்குகிறது. வலுவில் சிறிது, எனினும் எல்லாப் பொருளுக்கும் பொது. இதைக் கண்ட லண்டன் யூதர் என்பதற்காக 1933-இல் பெர்லினில் பதவியிழந்து நாடு துறக்க நேர்ந்தது.

வான் டெர் வால்ஸ் 1910-இல் நோபல் பரிசு பெற்று, 1923-இல் மறைந்தார். இறுதி விடையை அவர் காணவில்லை. ஆயினும் டிபை விளக்கிய விசையும் லண்டன் விளக்கிய விசையும் இன்று அத்தச்சர் மகனின் பெயராலேயே வழங்குகின்றன.