பியர் உற்பத்தியும் பெண்களின் உழைப்பும்

பியரின் வரலாறு பொதுவாக ஒரு பானத்தின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. அதனை உற்பத்தி செய்தோர் யாவர் என்ற வினாவுடன் நோக்குமிடத்து, அது பெண்கள் தமது தொழிலொன்றை இழந்த வரலாறாகவும் அமைவதைக் காணலாம்.

மெசொப்பொத்தேமியாவில் பார்லியிலிருந்து பியர் செய்யப்பட்டது. சுமேரியர் அதற்குரிய தெய்வமாக நின்காசி என்னும் பெண் தெய்வத்தை வணங்கினர். கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹம்முராபியின் சட்டங்கள் மதுக்கடை நடத்துவோரைப் பெண்பாலிலேயே குறிப்பிடுகின்றன. விலையாகத் தானியத்தை ஏற்க மறுத்து, மிகை நிறையில் வெள்ளி பெறுபவளை நீரில் எறியுமாறு அவை விதித்தன. தொழில் பெண்ணுடையது, அதன்மீதான அதிகாரமோ அரசனுடையது.

மத்தியகால இங்கிலாந்திலும் பெண்களே வீட்டுத் தேவைக்கு 'ஏல்' காய்ச்சி, எஞ்சியதை அயலாருக்கு விற்றனர். ஏல் சில நாட்களிற் புளித்துவிடுமாதலால், சிறிய அளவில் அடிக்கடி காய்ச்சப்பட்டது, பெருமுதல் வேண்டப்படவில்லை. 1348ஆம் ஆண்டில் வந்த கொள்ளைநோயின் பின்னர், உயிர் தப்பியோரின் வருவாய் உயர, பானத்துக்கான கேள்வியும் பெருகிற்று. 15ஆம் நூற்றாண்டில் ஹொப்ஸ் சேர்ந்த பியர் அங்கு பரவியது. ஹொப்ஸிலுள்ள கசப்புப் பொருள்கள் பானத்தைப் பழுதாக்கும் பற்றீரியாக்களைத் தடுப்பதால், பியரை நெடுநாள் வைத்திருக்கவும் தொலைவுக்கு அனுப்பவும் இயன்றது. ஆயின் அதற்குப் பெரிய கலன்களும் களஞ்சியமும் கடனும் தேவைப்பட்டன. மணமான பெண் தன் பெயரிற் சொத்துரிமை கொள்ள அந்நாட்டுப் பொதுச் சட்டம் இடந்தரவில்லை. 1600ஆம் ஆண்டளவில் இத்தொழில் பெரும்பாலும் ஆண்களின் கைக்கு மாறியிருந்தது.

இம்மாற்றத்துக்குத் தொழில்நுட்பமே காரணம் எனக் கூறுதல் பொருந்துமா? தென்னாபிரிக்க வரலாறு இதற்கு மறுமொழி தருகின்றது. அங்கு ஆபிரிக்கப் பெண்கள் வீட்டிற் காய்ச்சிய சோளப் பியர் நகரங்களில் அவர்களின் பிழைப்புக்கு வழியாயிற்று. 1908ஆம் ஆண்டில் நேற்றாலில் இயற்றப்பட்ட சட்டம், அதனைக் காய்ச்சி விற்கும் தனியுரிமையை நகரசபைகள் பெற வழிசெய்தது. டேர்பன் நகரசபை அவ்வுரிமையைக் கைக்கொண்டு, வந்த வருவாயை ஆபிரிக்கரை ஆளும் நிருவாகச் செலவுக்கே பயன்படுத்தியது. வீட்டிற் காய்ச்சிய பெண்கள் குற்றவாளிகளாயினர். 1959 யூன் மாதத்தில் கேற்றோ மனர்ப் பெண்கள் நகரசபை மதுச்சாலைகளுட் புகுந்து பியரைக் கொட்டியழித்தனர்.

டேர்பனில் பெண்களின் கைத்திறன் பழமையடைந்துவிடவில்லை. அதன் பயனே அவர்களிடமிருந்து சட்டத்தாற் பறிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் ஹொப்ஸ் வாய்ப்பை மட்டுமே அளித்தது. அவ்வாய்ப்பு யாருக்குரியது என்பதைத் தீர்மானித்தவை முதலும் சட்டமுமேயாம்.