எச்.ஐ.வி. தன் மரபுப் பொருளைப் படியெடுக்கும் இடம்

1. கேள்வி

ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்கும் ரெட்ரோவைரஸ் நொதியை 1970-இல் ஹோவர்ட் டெமின், சடோஷி மிசுடானி இருவரும், அவர்களுடன் தொடர்பின்றி டேவிட் பால்டிமோரும் கண்டறிந்தனர். செல்லுக்குள் அந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது? சைட்டோபிளாசத்தில் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்தன. ரெட்ரோவைரஸ்களில் ஒன்றான எச்.ஐ.வி.யின் கூம்பு வடிவப் புரதக் கூடு ஏறத்தாழ 60 நானோமீட்டர் அகலமுடையது. உட்கருவின் துளையோ சுமார் 40 நானோமீட்டர் என்று கருதப்பட்டது. ஆகவே கூடு வெளியிலேயே கலைந்து, படியெடுப்பு முடிந்த பிறகே டி.என்.ஏ. உள்ளே செல்ல முடியும் என்று முடிவு கட்டினர்.

இந்த முடிவில் ஒரு முறையியல் குறை இருந்தது. செல்லுக்குள் நுழையும் வைரஸ் துகள்களில் பெரும்பாலானவை தொற்றை நிறைவேற்றாமலே அழிகின்றன. செல்களை உடைத்து மொத்தமாக அளந்தால் கிடைப்பது அந்தப் பெரும்பான்மையின் கதை. வென்ற சிலவற்றின் கதை அதில் மறைந்துவிடும்.

2. சான்றுகள்

எச்.ஐ.வி.-1 பற்றிய பார்வை 2020-இல் மாறியது. உட்கருத் துளைகளை வேண்டும்போது அடைக்கக்கூடிய செல்களை ஆய்வாளர்கள் உருவாக்கினர். தொற்று தொடங்கிச் சில மணி நேரம் கழித்துத் துளைகளை அடைத்தபோது பயனில்லை. வைரஸ் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தது. ஆனால் அதற்குப் பின்னரும், படியெடுப்பு நொதியைத் தடுக்கும் மருந்து தொற்றை நிறுத்தியது. உள்ளே சென்ற பின்னும் படியெடுப்பு முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான தர்க்கம் வேண்டியதில்லை. அதே ஆண்டில், ஒளிரும் புரதத்தால் குறியிட்டுத் தனித்தனித் துகள்களைப் பின்தொடர்ந்த மற்றொரு குழு, கூடு உட்கருவுக்குள், மரபணுவோடு இணையும் இடத்தின் அருகிலேயே கலைவதைக் கண்டது.

எஞ்சியது அகலச் சிக்கல். 2021-இல் வெளியான உறைநிலை எலக்ட்ரான் படங்கள் அதைத் தீர்த்தன: சிதையாத செல்லில் துளை ஏறத்தாழ 60 நானோமீட்டர் வரை விரிந்திருந்தது, அதனுள் முழுக்கூம்பு காணப்பட்டது. பழைய அளவு, செல்லிலிருந்து பிரித்தெடுத்த உட்கரு உறைகளில் சுருங்கிய துளைகளின் அளவு.

3. கூடு

படியெடுப்பு சைட்டோபிளாசத்தில் தொடங்கி உட்கருவில் நிறைவடைகிறது என்பதே இன்றைய முடிவு. என் கருத்தில், முகவரியைக் கூடு என்று எழுதுவதே இன்னும் பொருத்தம். கூட்டின் அறுகோண அலகுகளின் நடுவிலுள்ள நுண்துளைகள் வழியே நியூக்ளியோடைடுகள் உள்ளே வருகின்றன, உருவாகும் டி.என்.ஏ., செல்லின் எச்சரிக்கைப் புரதங்களின் கண்ணில் படுவதில்லை. இனோசிட்டால் ஹெக்சாபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு கூட்டை உறுதிப்படுத்துகிறது. அது இல்லையேல் கூடு விரைவில் குலைந்து, படியெடுப்பும் தடைபடும். 2022-இல் அங்கீகாரம் பெற்ற லெனாகபவிர் மருந்து இந்தக் கூட்டுப் புரதத்தையே பற்றிக்கொள்கிறது.

4. வரம்பு

எச்.ஐ.வி. பற்றிய இந்த முடிவை ரெட்ரோவைரஸ் குடும்பம் முழுவதற்கும் நீட்டக் கூடாது. எலி லுகேமியா வைரஸால் உட்கருத் துளையைக் கடக்க இயலாது. செல் பிளவுறும்போது உட்கரு உறை கலையும் வரை அது காத்திருக்கிறது. ஃபோமி வைரஸ்களோ படியெடுப்பில் பெரும்பகுதியைத் தாம் உருவான செல்லிலேயே முடித்து, டி.என்.ஏ.வைச் சுமந்தபடி அடுத்த செல்லைத் தேடிப் புறப்படுகின்றன.