உருத்திரபுரத்து வயற்குத்தகை: வாரமும் புறச்செலவும்

குத்தகை என்றதும் எத்தனை மூடை நெல் என்று கேட்பதோடு நமது ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. விதைநெல் யாருடையது, உழவுக்கூலி யாருடையது, சூடடிப்புச் செலவு பங்கு பிரிக்குமுன் கழிக்கப்படுகிறதா, பின்னரா? சுரண்டலின் உண்மையான அளவு இவ்வினாக்களுள்ளேயே மறைந்து கிடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. நாற்பது மூடை விளைந்தது. செலவு பன்னிரண்டு மூடைக்குச் சமம் எனக் கொள்வோம். செலவைக் கழித்துப் பாதி பிரித்தால் குத்தகையாளனுக்குப் பதினான்கு மூடை. முதலில் பாதி பிரித்துச் செலவு முழுவதையும் அவனே ஏற்பதாயின் எட்டு மூடை. இரண்டும் பேச்சில் 'பாதிவாரம்' தான்!

பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விளைச்சலின் காற்பங்கை வாரத்தின் உச்சவரம்பாக்கியது. அது முற்போக்கான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆயின் வாரம் குறைந்த இடங்களில் நிலவுடைமையாளர் முன்னர் கொடுத்துவந்த விதையையும் எருமையையும் நிறுத்திக்கொண்டனர். குடிகளை வெளியேற்றியோரும் பலர். வாரப்பயிர்ச்செய்கையை முதலாளித்துவ நிலவாரத்தை நோக்கிய இடைநிலை வடிவமாக மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் நோக்கினார். இங்கோ அவ்விடைநிலை கடக்கப்படாமலே நீடித்தது.

இரணைமடு நீரில் வாழும் உருத்திரபுரத்தில் நிலைமை வேறு. இது பரம்பரை நிலப்பிரபுக்களின் ஊரன்று. அரசு பகிர்ந்தளித்த குடியேற்றக் காணிகளின் ஊர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரக் காணியை உரிய அனுமதியின்றிக் குத்தகைக்கு விட முடியாது. விவசாயியைக் காக்க எழுந்த இத்தடையே அவன் காணியைச் செய்பவனின் காப்பைப் பறித்தது. குத்தகை வாய்ச்சொல்லாயிற்று. எழுத்தில் இல்லாத குத்தகையாளன் காற்பங்கு வரம்பைக் காட்டி எவரிடம் முறையிடுவான்?

கடனுக்காகக் காணியை ஒப்படைத்து, வட்டிக்கு ஈடாக விளைவை விட்டுக்கொடுக்கும் ஒற்றி, தேசவழமை அறிந்த பழைய முறை. அதில் வாரம் எது, வட்டி எது என்று பிரிக்கவே இயலாது. வன்னியைப் பாடும் நமது எழுத்தாளர் காட்டையும் குளத்தையும் விரிவாகத் தீட்டினர். களத்துக் கணக்கு அவர்கள் பக்கங்களில் அபூர்வம்.

ஊரே இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தவர்களுள் மாடும் உழவு இயந்திரமும் இழந்தோர் வயலைத் தாமே செய்ய முதலின்றி நின்றனர். முதலுடையவன் குத்தகை கேட்கையில் பேரம்பேசும் வலு அவர்களிடம் இல்லை. உடைமையாளன் ஏழை, குத்தகையாளன் செல்வன் என்ற தலைகீழ் உறவும் இங்கே உண்டு. 'குத்தகையாளன்' என்ற சொல்லை மட்டும் கொண்டு வர்க்கத்தைத் தீர்மானிப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயல்களுக்கும் போதாது. பயிர்ச்செய்கைக் கூட்டம் ஒதுக்கும் பங்களவுக்கே விதைக்கலாம். அப்போது குத்தகைக்குப் போவது மண்ணன்று, நீர்ப்பங்கு.