தாய்க்கிழவியின் சாட்சி

தாய் கெட்டவள், மகள் நல்லவள். தமிழ் படித்தவர்களுக்குப் பழகிப்போன கணக்கு இது. மணிமேகலையில் சித்திராபதி, விறலிவிடு தூதுகளில் தாய்க்கிழவி. காசுக்கு மகளை விற்கிறவள் என்று ஒருத்தியை நிறுத்திவிட்டால் போதும், மகளின் தூய்மை தானாகப் பளபளக்கும். மிருச்சகடிகத்தையும் நமக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சூத்திரகர் எழுதியதாகச் சொல்லப்படும் பத்து அங்க வடமொழி நாடகம். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கியது.

உஜ்ஜயினியின் கணிகை வசந்தசேனை, நொடித்துப்போன பிராமண வணிகன் சாருதத்தனை விரும்புகிறாள். நாலாம் அங்கத்தில் தாய் ஆள் அனுப்புகிறாள்: ராஜாவின் மைத்துனன் சகாரன் பத்தாயிரம் பொன் பெறுமான நகையோடு வண்டி அனுப்பியிருக்கிறான், கிளம்பு. நான் உயிரோடு இருக்கணும்னா இனி இப்படிச் சொல்லாதே என்று மகள் திருப்பிவிடுகிறாள். அதே அங்கத்தில் தன் அடிமை மதனிகையை விலை வாங்காமல் விடுதலை செய்து காதலனோடு அனுப்பிவைக்கிறாள். பெரிய மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டுக்கட்டு மாளிகை யார் உடம்பு தேய்ந்து எழுந்தது? அதைச் சுற்றிப் பார்க்கிற பிராமணன் மைத்திரேயன், முறைக்காய்ச்சல்காரியான தாயின் பருத்த உடம்பைப் பார்த்து, செத்தால் ஆயிரம் நரிக்கு விருந்து என்று கேலி பண்ணுகிறான். சபை சிரிக்க வேண்டும். மூலத்தில் மகள் சில இடங்களில் சமஸ்கிருதம் பேசுகிறாள். தாய்க்குப் பிராகிருதம் மட்டும்தான்.

தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்குத் தையல் வேலைக்குப் போகும் பெண்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படிக்கிறோம். அவங்க அம்மாக்கள் பலருக்கு வீட்டு வேலை, துப்புரவு வேலை. ஒன்பதாம் அங்கம் வந்தபோது ஒரு பெண், "அக்கா, கோர்ட்டுல அந்தம்மா பேசறத மறுபடி படிங்க" என்றாள்.

வசந்தசேனையின் கழுத்தை நெரித்துப் போட்ட சகாரன், கொலைப்பழியைச் சாருதத்தன்மேல் போடுகிறான். தாயை வரவழைக்கிறார்கள். சிக்கிய நகைகளைக் காட்டி, இவை உன் மகளுடையவையா என்கிறார்கள். ஆமாம் என்றால் சாருதத்தன் தலை போகும். இதே மாதிரி இருக்கு, ஆனா இது இல்லை என்கிறாள். கடைசியில் எழுந்து சொல்கிறாள்: என் மகள் செத்தாள் என்றால் செத்தாள், இவராவது பிழைக்கட்டும். வழக்கு என்பது வாதிக்கும் பிரதிவாதிக்கும் இடையில். இதில் வாதி நான்தான், அவரை விட்டுவிடுங்கள். காசுப்பேய் என்று நாம் படித்த பொம்பிளை பேசுகிற பேச்சு இது! சட்டமும் அவள் பக்கம்தான் நிற்கிறது. சகாரன் அவளை அடிமைப் பிறவியே என்று ஏசுகிறான். நீதிபதியோ, அம்மா நீ போ என்று ஆள் வைத்து வெளியேற்றுகிறார். "எங்கம்மாவையும் ஸ்டேஷன்ல இப்படித்தான் வெளிய போகச் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். அதற்குமேல் அவள் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இது பழங்கதை இல்லை. பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் 1947-இல் வந்தது. அதன் பிறகும் திருவள்ளூர்ப் பக்கம் அருந்ததியக் குழந்தைகளை மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடுவது நிற்கவில்லை. 2017-இல் தேசிய மனித உரிமை ஆணையம் அரசிடம் அறிக்கை கேட்கும் அளவுக்குப் போனது. சேதி வந்த நாளில் டீக்கடையில் கேட்ட முதல் பேச்சு, பெத்தவளே விட்டுட்டாளே என்பதுதான். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வழியில்லாமல் நேர்ந்துகொண்ட தாயிடம் வாக்குமூலம் கேட்க யாருக்குப் பொறுமை?

பத்தாம் அங்கத்தில் சாருதத்தனைக் கொலைக்களத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள் இரண்டு சண்டாளர்கள். சண்டாளர்களே, அப்பாவை எங்கே கொண்டுபோறீங்க என்று குழந்தை கேட்கிறது. அந்தக் குடியில் பிறந்தும் நாங்கள் சண்டாளர் அல்ல, நல்லவனை வதைக்கிறவனே சண்டாளன் என்கிறார்கள். இவ்வளவு தெளிவாகப் பிறப்பை மறுத்துப் பேசியவர்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். பௌத்தத் துறவி காப்பாற்றிய வசந்தசேனை ஓடிவந்து சேர்கிறாள், ஆட்சி கவிழ்கிறது, புது ராஜாவின் பேரில் பரிசுகள் வழங்கப்படுகின்றன. வசந்தசேனைக்குக் குலமகள் பட்டமும் முகத்திரையும். துறவிக்கு எல்லா விகாரங்களின் தலைமை. சகாரனின் அடிமைக்கு விடுதலை. சண்டாளர்களுக்கு, எல்லாச் சண்டாளர்களுக்கும் தலைவர் என்கிற பதவி! தாய்க்கு ஒன்றுமில்லை. ஒன்பதாம் அங்கத்தில் அழுதுகொண்டே வெளியே போனவள் பிறகு மேடைக்கு வரவில்லை. மகள் பிழைத்துவிட்டாள் என்று அவளுக்குச் சொல்லியனுப்புகிற காட்சியும் நாடகத்தில் கிடையாது.