உடைந்த ஹெட்ஃபோனுக்கு ஈடு

ஹெட்ஃபோனில் பெரும்பாலும் முதலில் போவது ஒயர்தான். காதுக்கிண்ணத்துக்குள் அது நுழையும் இடத்திலோ ஜாக்கின் கழுத்திலோ மடங்கி மடங்கி, உள்ளே இருக்கும் மயிரிழைச் செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். ஒரு பக்கம் ஒலி நின்றுவிடும். ஒயரை விரலால் நெருக்கிப் பிடித்தால் மறுபடி வரும். அடுத்தது காதைச் சுற்றி அமரும் மெத்தை. வியர்வையும் காற்றின் ஈரமும் பட்டு பாலியூரித்தேன் பஞ்சு பொடிந்து, மேலுறை கறுப்புத் துகளாகக் கன்னத்தில் ஒட்டும். பிறகு தலைப்பட்டையின் பிளாஸ்டிக்கில் விரிசல். ஒலியை உண்டாக்கும் டிரைவர், அதாவது காந்த இடுக்கில் நிற்கும் கம்பிச்சுருளும் அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வும், இத்தனைக்குப் பிறகும் பல சமயம் நன்றாகவே இருக்கும். விலை கூடிய ஹெட்ஃபோன் உடைந்தால் ஈடு கிடைக்குமா என்பது, தேயும் பாகத்தையும் தேயாத பாகத்தையும் தயாரித்தவர் பிரித்து வைத்தாரா, ஒட்டி மூடினாரா என்பதைப் பொறுத்தே நூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது.

தொடக்க காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் 1910-இல் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்ஃபோனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை, நிறைய வேண்டும் என்று கேட்டது. ஒரு தவணைக்குப் பத்துதான் செய்து தர முடியும் என்பது அவருடைய நிலைமை. கம்பியில்லாத் தந்தி கேட்டவர்களும், பின்னர் 1920-களில் கிரிஸ்டல் ரேடியோ வைத்திருந்தவர்களும் பயன்படுத்திய அந்தத் தலைமுறைக் கருவிகளில் பெரும்பாலானவை திருகிக் கழற்றக்கூடியவை. மூடியைத் திருகினால் இரும்புத் தகடு கையில் வந்துவிடும். துணி சுற்றிய ஒயரின் முனைகள் சிறு திருகாணிகளில் மாட்டப்பட்டிருக்கும்; அறுந்தால் வேறு ஒயர் மாட்டிக்கொள்ளலாம். அந்த ஒயர்களில் ஒரு முனைக்கு மட்டும் வண்ண நூல் ஊடே ஓடும். அது அலங்காரமல்ல. வால்வு ரேடியோவின் நேர்மின்சாரம் ஹெட்ஃபோன் வழியாகவே பாய்ந்ததால், முனை மாறினால் உள்ளே இருக்கும் எஃகுக் காந்தம் நாளடைவில் வலுவிழக்கும். காந்தம் சோர்ந்தால் மறுபடி காந்தமேற்றித் தரும் வழக்கமும் இருந்தது. இன்று அரிதாகவே காணக்கூடிய தொழில் அது.

சுருளும் சவ்வும் கொண்ட இன்றைய வகை ஹெட்ஃபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது பெர்லினில் ஓய்கன் பேயர் 1924-இல் தொடங்கிய நிறுவனம். 1937-இல் வெளிவந்த அதன் டிடி 48, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உற்பத்தியில் இருந்தது. இசை கேட்பவர்களின் பிடிவாதம் மட்டும் இதற்குக் காரணமல்ல. காது மருத்துவர்கள் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டரில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற அளவுகோலே ஹெட்ஃபோனின் மாடலோடு கட்டுண்டது. ஐஎஸ்ஓ 389 என்ற பன்னாட்டுத் தரநிலை, டிடி 48-க்கும் டெலிஃபோனிக்ஸ் நிறுவனத்தின் டிடிஎச் 39-க்கும் தனித்தனியே அளவுகளை வகுத்தது. அங்கே உடைந்த ஹெட்ஃபோனுக்குப் பதிலாக “இதுவும் நல்லதுதான்” என்று வேறொன்றை மாட்ட முடியாது. மாட்டினால் கருவி முழுவதையும் மறுபடி அளவொத்துப் பார்க்க வேண்டும். அதே மாடல்தான் வேண்டும் என்பது ஆசையாக இல்லாமல் விதியாகவே இருந்த அபூர்வமான இடம் அது.

இசைக்கென்றே ஹெட்ஃபோன் விற்கலாம் என்று காட்டியவர் மில்வாக்கியின் ஜான் காஸ். 1958-இல் அவர் கொண்டுவந்த எஸ்பி/3, ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த அதே ஆண்டில் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஜப்பானில் ஸ்டாக்ஸ் நிறுவனம் எஸ்ஆர்-1 என்ற நிலைமின் வகை ஹெட்ஃபோனை விற்கத் தொடங்கியது. இரண்டு துளைத்தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய சவ்வு. அதன்மேல் நிலையான உயர்மின்னழுத்தம். இந்த வகையில் ஈடு தேடும் சிக்கல் வேறு மாதிரி. ஹெட்ஃபோன் தனியாக ஒலிக்காது; அதற்கென்று ஒரு பெட்டி வேண்டும். பழைய பெட்டிகள் கொடுத்த அழுத்தம் 230 வோல்ட், அதற்கு ஆறு முள் ப்ளக். பின்னர் ‘ப்ரோ’ என்ற பெயரில் 580 வோல்ட் வந்தபோது முள் ஐந்தாகக் குறைந்தது. எண்ணிக்கையைக் குறைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆறு முள் ப்ளக் ஐந்து துளை சாக்கெட்டுக்குள் போகவே போகாது. அதனால் பழைய சவ்வு 580 வோல்ட்டில் அடிபடாமல் தப்பும். ஐந்து முள் ப்ளக்கோ பழைய ஆறு துளையில் நுழையும், ஆனால் அழுத்தம் போதாமல் ஒலி மெலியும். பழைய பெட்டியோடு தனித்து விடப்பட்டவர்கள் கடையில் புதிய ஹெட்ஃபோனைப் பார்க்கும்போது முதலில் எண்ணுவது விலையை அல்ல, முள்ளை.

1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கொண்டுவந்த எச்டி 414 எல்லாக் கணக்குகளையும் மாற்றியது. காதை இறுக்கி மூடாத, பின்புறம் திறந்த முதல் ஹெட்ஃபோன் அது. கனமான மூடிய கிண்ணங்களுக்குப் பழகியவர்களுக்கு அதன் மஞ்சள் பஞ்சு வட்டங்கள் விளையாட்டுப் பொருள்போல் தெரிந்தன. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. பஞ்சு உதிரத்தான் செய்யும் என்பதை நிறுவனம் ஒளிக்கவில்லை. அந்த மஞ்சள் பஞ்சு பல பத்தாண்டுகள் உதிரிப்பாகமாக விற்கப்பட்டது; ஒயரும் இரு கிண்ணங்களிலும் தனித்தனியே செருகிக் கழற்றக்கூடியது. அந்தச் செருகியை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டு முட்களில் ஒன்று தடிப்பாகவும் மற்றது மெல்லியதாகவும் இருக்கும். திருப்பிச் செருக வழியில்லை. மின்முனை மாறி இரு காதிலும் ஒலி எதிரெதிராக அதிரும் கோளாறை, அறிவிப்பு எதுவும் ஒட்டாமல் அந்த இரண்டு முட்களே தடுத்துவிடுகின்றன.

இதே செருகி 1990-களின் எச்டி 580, 1997-இன் எச்டி 600, 2003-இன் எச்டி 650 ஆகியவற்றுக்கும் வந்தது. உடைந்ததற்கு ஈடு தேடும் வரலாற்றில் இந்தக் குடும்பத்துக்குத் தனியிடம் உண்டு. காதுமெத்தை இழுத்தால் வரும், ஒயர் உருவினால் வரும், கிண்ணம் பட்டையிலிருந்து கழலும், டிரைவரும் தன் கூட்டோடு வெளியே வரும், பிசின் கிடையாது. 580-இன் பிளாஸ்டிக் வலையை எடுத்துவிட்டு 600-இன் உலோக வலையை மாட்டியவர்கள் ஏராளம். ஒயர், மெத்தை, தலைப்பட்டை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியதால், இரண்டு உடைந்த ஹெட்ஃபோன்களிலிருந்து ஒரு நல்ல ஹெட்ஃபோனைத் தேற்ற முடிந்தது. 2016-இன் கடைசியில் அதே 650, நீல வண்ணத்தில் எச்டி 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் ஏறத்தாழ 200 டாலருக்கு வந்தது. அதன்பின் 650 உடைந்தவர் பழுது பார்ப்பதா, இதை வாங்குவதா என்று கணக்குப் போட வேண்டியதாயிற்று.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஒலியும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்த கதைகளுக்கும் குறைவில்லை. வியன்னாவின் ஏகேஜி 1970-களில் வெளியிட்ட கே240-இல் டிரைவரைச் சுற்றி ஆறு துணைச் சவ்வுகள் வட்டமாக இருந்தன. மின்தடை 600 ஓம். பிறகு அதே பெயரில் வந்தவற்றில் அந்த ஆறும் இல்லை. கே240 ஸ்டுடியோவின் மின்தடை 55 ஓம்தான். வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. ஒலியில் வேறு வீட்டுப் பிள்ளைகள். ஏகேஜியை 1990-களில் ஹார்மன் என்ற நிறுவனம் வாங்கியது, 2017-இல் வியன்னா ஆலை மூடப்பட்டது. அங்கு வேலை பார்த்தவர்கள் அதே ஆண்டில் ஆஸ்திரியன் ஆடியோ என்ற பெயரில் புதிதாகத் தொடங்கினார்கள்.

ஒலி மாற டிரைவர் மாறவேண்டும் என்றுகூட இல்லை. காதுமெத்தை மாறினாலே போதும். புது மெத்தை சற்றுத் தடிப்பாக இருந்தால் டிரைவருக்கும் காதுக்கும் இடையே தூரம் கூடும். துணிக்குப் பதில் தோலுறை போட்டால் உள்ளே காற்று அடைபட்டு அடிக்குரல் வீங்கும். ஓரத்தில் சிறு இடைவெளி விழுந்தால் அதே அடிக்குரல் வற்றிப்போகும். மலிவான வெளி மெத்தை வாங்கி மாட்டிவிட்டு “டிரைவர் போய்விட்டது” என்று முடிவுக்கு வருவது இத்துறையில் மிகவும் பழகிய பிழை. கரகரப்பும் அப்படித்தான்: சவ்வின்மேல் விழுந்த ஒரு தலைமயிர் போதும், சுருள் கருகியதுபோல் இரைச்சல் எழ.

ஈடே இல்லாதவையும் உண்டு. சோனி 1989-இல் வெளியிட்ட எம்டிஆர்-ஆர்10-இன் கிண்ணங்கள் ஜெல்கோவா மரத்தில் கடையப்பட்டவை, விலை 3,60,000 யென். அதன் சவ்வு நுண்ணுயிரிகள் நெய்த செல்லுலோஸ். சவ்வு கிழிந்தால் இன்னொரு ஆர்10-ஐப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. 1991-இல் சென்ஹைசர் செய்த ஆர்ஃபியஸ் மொத்தமே 300 தான். 2015-இல் அதன் வாரிசாக எச்இ 1 அறிவிக்கப்பட்டபோது விலை ஏறத்தாழ 50,000 யூரோ.

ஆனால் ஆர்10 வந்த அதே 1989-இல், அதே சோனி இதற்கு நேர்மாறான ஒன்றையும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கொடுத்தது. எம்டிஆர்-சிடி900எஸ்டி என்ற அந்த ஹெட்ஃபோனுக்கு உத்தரவாதம் கிடையாது; தொழிற்கருவி என்பதால் பழுது வரும் என்றே கொள்ளப்பட்டது. பதிலாக டிரைவர், மெத்தை, ஒயர், திருகாணி என எல்லாமே எண்ணிட்ட உதிரியாகத் தனித்தனியே கிடைத்தன. ஜப்பானிய ஸ்டுடியோக்களில் அதைப் பழுதுபார்ப்பது அன்றாட வேலை. பாகம் பாகமாக மாறி மாறி, முதலில் வாங்கியதில் எதுவுமே மிஞ்சாத ஹெட்ஃபோன்கள் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆர்10-ஐவிடப் பல மடங்கு விலை குறைந்த இதுவே ஈடு என்ற சொல்லுக்கு நியாயம் செய்தது.

எதிர்த்திசையிலும் சோனிக்குப் பங்கு உண்டு. 1979 ஜூலை 1-இல் வாக்மேனோடு வந்த ஹெட்ஃபோன் ஏறத்தாழ 50 கிராம்தான். அதன் வழியில் வந்த மலிவான நகல்களில், உடைந்தால் தூக்கிப் போடுவது வழக்கமாயிற்று. பஞ்சு மட்டும் பொட்டலமாக விற்றது. விலை உயர்ந்த வகைக்கு அந்த வழக்கம் வந்துசேர்ந்தது ஒயர் ஒழிந்தபோதுதான். 2016-இல் ஆப்பிள், ஐஃபோன் 7-இல் 3.5 மி.மீ. துளையை எடுத்துவிட்டது. ஒயரில்லா ஹெட்ஃபோனில் முதலில் அறும் பாகம் போயிற்று. அதன் இடத்தில், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் தேயும் லித்தியம் பேட்டரி வந்தது. பல மாடல்களில் அது பற்றவைத்து, மேலே பிசினிட்டு மூடப்பட்டிருக்கிறது. டிரைவர் புதிதுபோல் இருக்க, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த கருவி சில ஆண்டுகளில் ஊமையாகிறது.

நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் 2023-இல் வெளியிட்ட ஃபேர்பட்ஸ் எக்ஸ்எல், பேட்டரி உட்பட எல்லாவற்றையும் கழற்றி மாற்றும்படி செய்யப்பட்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பேட்டரிகளுக்கென்று 2023/1542 என்ற ஒழுங்குமுறையை இயற்றியது. சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்கவேண்டும் என்கிறது அது. இந்த விதி நடைமுறைக்கு வரும் நாள் 2027 பிப்ரவரி 18.