உட்காரும் உரிமை பிறந்த கதை

ஜவுளிக்கடையில் புடவை பார்க்க வருபவருக்கு நாற்காலி உண்டு. புடவையை எடுத்துப் பிரித்துக் காட்டும் பெண்ணுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை, ஆளில்லாத மத்தியான நேரத்திலும் அவர் நிற்க வேண்டியிருந்தது. சுவரில் சாய்ந்தாலே மேற்பார்வையாளர் அதட்டுவார். நின்றால்தான் வாடிக்கையாளருக்கு மரியாதை, உட்கார்ந்தால் சோம்பேறி என்பது முதலாளிகளின் கணக்கு. கால் நரம்பு புடைத்துச் சுருள்வதும் முதுகு விட்டுப்போவதும் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

பிரிட்டனில் 1899இலேயே, கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்வோர் இடையில் உட்கார வசதி தரச் சொன்னது. ஆனால் அது ஆலைக்கான சட்டம். கடைப் பெண்களை அது எட்டவில்லை.

அந்தக் குறையைக் கேள்வியாக்கியது கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு. அங்கே தையல் வேலை செய்துவந்த விஜி, பெண் தொழிலாளர்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது நாற்காலியை அல்ல, கழிப்பறையை. பல கடைகளில் பெண்களுக்கு அது இல்லாததால், தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டினார்கள். சிறுநீர்த் தொற்று வந்து அவதிப்பட்டார்கள். வெளியே சொல்லவே கூசிய தொல்லையைத் தெருவில் நின்று சொல்லப் பழகிய பிறகு, நாற்காலி கேட்பது அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2014இல் ‘இரிக்கல் சமரம்’ என்ற உட்காரும் போராட்டம் எழுந்தது. அதே ஆண்டின் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பெண் ஊழியர்கள் தொடங்கிய போராட்டம் 100 நாளைத் தாண்டியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியருக்கு இருக்கை கட்டாயமானது. இரவில் பெண்களை வேலைக்கு வைத்தால் பாதுகாப்பும் வீடு சேர வாகனமும் தர வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

அடுத்தது தமிழ்நாடு. 2021 செப்டம்பரில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த இருக்கை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவாக ஏறியது. ஆண், பெண் இருபாலாருக்கும் அது பொருந்தும். பெண்கள் போராடிப் பெற்ற வசதியில் ஆண்களின் காலும் இளைப்பாறுகிறது.

ஆனாலும், வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்றுதான் இந்தச் சட்டம் சொல்கிறது. அந்த வாய்ப்பு எப்போது என்பதைத் தீர்மானிப்பவர் மேற்பார்வையாளராகவே இருந்தால், முக்காலி போட்டும் பயனில்லை. தொழிலாளர் துறை ஆய்வாளர் என்றோ ஒருநாள் வந்துபோவார். வாடிக்கையாளர் தினமும் வருகிறார். உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பதும், இருக்கை இல்லாத கடையில் ஏன் இல்லை என்று கேட்பதும் அவரால் முடியும். நிற்பதுதான் மரியாதை என்ற வழக்கம் அவர் பெயரைச் சொல்லித்தான் இத்தனை காலம் ஓடியது.