பாரி கண்ட வள்ளி, பாட்டாளி நட்ட வள்ளி

பறம்பு மலை என்றதும் நம் தோழர்களின் தோள்கள் விம்முவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மூவேந்தர் முற்றுகையிட்டும் பணியாத மலை. உழவர் உழாமலே நான்கு பொருளை ஈந்த மலை என்று கபிலர் பாடிய மலை. புறநானூற்றின் 109-ஆம் பாட்டிலே அந்நான்கும் உள்ளன: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். மதுரைக்கு வடகிழக்கே, சிங்கம்புணரிப் பக்கத்தில், இன்று பிரான்மலை என்ற பெயருடன் நிற்கிறது அம்மலை.

இப்பாட்டை வகுப்பிலே விளக்கியபோது நாம் ஒரு பிழை செய்தோம். "வள்ளிக்கிழங்கு வேறொன்றுமில்லை, பொங்கலன்று நம் வீடுகளில் அவித்துத் தின்கிறோமே, அந்தச் சீனிக்கிழங்குதான். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழன் உண்ட கிழங்கு!" என்று முழங்கினோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, எங்க தோட்டத்துல உழுது, பார் பிடிச்சு, தண்ணி பாய்ச்சி, மண் அணைச்சாத்தான் கிழங்கு விழுது. பாரிக்கு மட்டும் எப்படிங்கய்யா உழாம விழுந்துச்சு?"

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டம் பெற்ற நம்மிடம் விடையில்லை. பார் பிடிக்கும் வீட்டுப் பிள்ளையிடம் வினா இருந்தது. நூலகத்தை நாடினோம்.

பாரியின் வள்ளி காட்டிலே மரத்தைப் பற்றிப் படரும் கொடியின் கிழங்கு. மலைவாழ் மக்கள் இன்றும் அகழ்ந்தெடுக்கும் காட்டுவள்ளி இனம் அது. நம் தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக்கும் அதற்கும் குருதி உறவு கிடையாது. சர்க்கரைவள்ளியின் உறவினர் யாரெனில், குளத்திலே மிதக்கும் வள்ளைக்கொடியும், கண்மாய்களை அடைத்துக்கொண்டு மண்டிக்கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குமே ஆவர். அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் அங்கே சென்ற பிறகே ஐரோப்பியர் அதைக் கண்டனர். 16-ஆம் நூற்றாண்டிலே போர்ச்சுகீசியரின் கப்பல்களோடு இந்தியக் கரையை அடைந்தது. மதுரையிலே நாயக்கர் ஆட்சி வேரூன்றிய நூற்றாண்டு அது. கபிலருக்கும் இக்கிழங்குக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு.

வந்த கிழங்குக்குப் பெயரில்லை. நம் மக்கள் வீட்டிலிருந்த பழைய பெயரையே எடுத்துக் கொடுத்தனர். இனிப்பைக் கண்டு 'சர்க்கரை' என்றோ 'சீனி' என்றோ அடைமொழி சேர்த்தனர். யாழ்ப்பாணத்திலோ 'வற்றாளை' என்றனர். 'பட்டாட்டா' என்ற அயல்மொழி ஓசை அச்சொல்லில் இன்னும் கேட்கிறது. மிளகாயும் மணிலாக்கொட்டையும் மரவள்ளியும் இப்படி வந்தவையே. இன்று பொங்கலன்று கதிரவன் முன் கரும்போடும் மஞ்சளோடும் கிழங்கைப் பரப்பி, "ஆதிகாலந்தொட்டு வரும் படையல்" என்கிறார்கள். அந்தப் படையலில் ஒன்று நானூறு ஐந்நூறு ஆண்டுக்கு முன் கப்பலேறி வந்தது என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

சில தோழர்களும் சுளிக்கக் கூடும். "தமிழன் பெருமையைக் குறைக்கிறீரே" என்பர். புராணத்தை உரைத்துப் பார்க்க எடுத்த கல்லிலே நம் பெருமையையும் உரைத்துப் பார்க்க வேண்டாமா? கீழடியிலே 2014-ஆம் ஆண்டு முதல் மண்ணைத் தோண்டினார்கள். பானையோட்டையும் எழுத்தையும் கண்டார்கள். கண்ட பின் பேசினோம். அப்பெருமை நிற்கும். தோண்டாமல் பேசியது ஒரு மாணவனின் கேள்விக்கு நிற்கவில்லையே!

இனி, வந்த கிழங்கை வாழ வைத்தவர் யார்?

ஜப்பானிலே இக்கேள்விக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. 1732-இல் அங்கே பெரும்பஞ்சம். அவோகி கோன்யோ என்ற கல்விமான் இக்கிழங்கைப் பற்றி நூலெழுதினார். ஷோகன் யோஷிமுனேயின் காலத்தில், 1735-இல், அதைப் பயிரிட்டும் காட்டினார். 'சர்க்கரைவள்ளி ஆசிரியர்' என்றே அந்நாட்டார் அவரைப் போற்றுகின்றனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதைவிடப் பெரிய பட்டம் ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

இங்கே என்ன நடந்தது? உழவை நல்லோர் பழிப்பர், இரும்பு முனை பூண்ட மரம் நிலத்தையும் அதிலுள்ள உயிர்களையும் ஊறுபடுத்துகிறது என்று மனு எழுதி வைத்தார். ஏடு பிடித்த கை மண்ணைத் தொடக்கூடாது. மண்ணைத் தொட்ட கை ஏட்டைப் பிடிக்கக்கூடாது. ஆகவே கிழங்கின் கலை ஏடேறவில்லை. தாயிடமிருந்து மகளுக்கும், தகப்பனிடமிருந்து மகனுக்கும் கைவழியே வந்தது. மரவள்ளிக்காவது திருவாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் என்ற அரசரின் ஆதரவு கிடைத்தது; பின்னர் சேலத்திலே ஜவ்வரிசி ஆலைகள் எழுந்தன; 1981-இல் கூட்டுறவுச் சங்கமும் கண்டது. சர்க்கரைவள்ளிக்குக் கிடைத்தது ஏழையின் கை ஒன்றே.

அக்கை செய்வதைக் காண அம்மாணவனின் தோட்டத்துக்கே சென்றோம். மதுரைச் சமவெளியிலே 1895 முதல் பெரியாற்று நீர் பாயும் பகுதி நெல் வயலாயிற்று. அவ்வாய்க்கால் எட்டாத கிணற்றுத் தோட்டம் இது. அரை ஏக்கருக்கு மேல் இராது. விதை கிடையாது; விளைந்த கொடியின் நுனியை ஒரு சாண் அளவுக்கு மேல் வெட்டி, இரண்டு நாள் நிழலிலே கிடத்தி, பாரின் மேல் நடுக்கணுக்கள் மண்ணுக்குள்ளும் இருமுனை வெளியிலுமாகப் பதிக்கின்றனர். ஏக்கருக்கு முப்பதாயிரம் துண்டுக்கு மேல் வேண்டும். கடையில் வாங்குவதில்லை, இவ்வாண்டு அண்டை வீட்டாரிடம் பெற்றால், அடுத்த ஆண்டு அவருக்குக் கொடுப்பது. ஓடும் கொடி கணுதோறும் வேர்விட்டால் கிழங்கு பருக்காது. அதனால் கொடியைத் தூக்கிப் புரட்டிவிட வேண்டும். எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிஞ்சும். குனிந்த முதுகோடு கொடி புரட்டிக்கொண்டிருந்த மாணவனின் தாயார், "இதெல்லாம் ஒரு பாடமா தம்பி?" என்று நம்மைக் கேட்டார். ஆம் தாயே, பாடம்தான். நாங்கள் படிக்காமல் விட்டது.

துன்பம் கூன்வண்டிலே தொடங்குகிறது. எறும்பு போன்ற சிறு வண்டு அது. கொடியின் அடியிலும் கிழங்கிலும் முட்டையிடுகிறது; புழு குடைகிறது. மண் வெடித்தால் வெடிப்பின் வழியே உள்ளே இறங்கும். அதனால்தான் மண் அணைப்பு. ஒரு மூலையைக் குடைந்தாலும், கிழங்கு தன்னைக் காக்கச் சுரக்கும் கசப்பு பரவி, மனிதன் வாயில் வைக்க முடியாததாகிவிடும். கொடியைக் கொடுத்து வாங்கும் அந்த நல்ல பழக்கமே சில வேளை வண்டையும் தோட்டந்தோட்டமாகக் கொண்டுபோகிறது.

புரட்டாசித் தொடக்கத்தில் நட்டால் நான்கு மாதத்தில், பொங்கலுக்குச் சரியாக விளையும். எல்லோருக்கும் அப்போதுதான் விளையும்! மாட்டுத்தாவணி மண்டியிலே மூட்டைகள் மலையாகும்; விலை மடுவாகும். வெட்டியதை வீட்டில் வைத்தால் நெல்லைப் போல் நெடுநாள் கிடக்காது, அழுகும். விலை ஏறட்டும் என்று மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்தால், தை பிறந்து நிலம் காய்ந்து வெடிக்க, வண்டு பெருகும். வெட்டினால் தரகருக்கு, வெட்டாவிட்டால் வண்டுக்கு. இடையில் நிற்கிறார் அரை ஏக்கர்க்காரர்.

வழியே இல்லையா? இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பெண் வண்டின் மணத்தைப் போன்ற பொருளை வைத்து ஆண் வண்டுகளைப் பிடிக்கும் பொறி, வண்டில்லாத கொடியைத் தேர்ந்து நடும் முறை, பயிர் மாற்றி நடும் முறை எல்லாம் ஆராய்ந்து சொல்லப்பட்டுள்ளன. உட்சதை செம்மஞ்சளாய் இருக்கும் இனங்கள் கண் பார்வைக்கு வேண்டிய சத்தைத் தருகின்றன. ஆப்பிரிக்காவிலே அவ்வினங்களைப் பரப்பிய அறிஞர் மூவர்க்கு 2016-இல் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. ஸ்ரீகாரியத்துக்கும் மதுரைக்கும் ஓரிரவு ரயில் பயணம். அந்த அறிவு இத்தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. மணப்பொறி என்ற சொல்லையே மாணவனின் தந்தை அன்று நம் வாயால்தான் முதன்முதலாகக் கேட்டார்.

அவர் ஒரு கிழங்கைப் பறித்து, பாதியாக ஒடித்து நீட்டினார். வெளியே பளபளப்பு, உள்ளே கரும்பச்சைக் கோடுகள். "மோந்து பாருங்க வாத்தியாரே" என்றார். கசப்பின் நெடி நாசியிலே ஏறியது. அடுத்த திங்களன்று அந்தப் பாதிக் கிழங்கையும் 109-ஆம் பாட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தோம். மணப்பொறி எங்கே கிடைக்கும் என்று வேளாண்மை அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை மாணவர்களே எழுதினர். முதல் வரியை யார் எழுதினான் என்று சொல்ல வேண்டியதில்லை.